‘ஸ்டேஜ் 3’ ஆக்டேவியாவுக்கு ஐந்து லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். பல வருடமாக போலோ ஜிடி ஓட்டுகிறேன். இப்போது பெங்களூரில் ஒரு 2018 ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் விலைக்கு வந்திருக்கிறது. 64,000 கிலோமீட்டர் ஓடியது, விற்பவர் இரண்டாவது ஓனர். ‘ஸ்டேஜ் 3, ஐஎஸ்38 டர்போ, ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஃபோர்ஜ்டு கனெக்டிங் ராடு, கியர்பாக்ஸ் டியூன், மொத்தம் 380 குதிரைத்திறன்’ என்கிறார். இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ எந்திரத்தின் ஷீட் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வேலை செய்த பில்கள் முதல் ஓனரிடமே தங்கிவிட்டனவாம். எதுவும் மாற்றாத இதே மாடலுக்குக் கேட்கும் விலையைவிட ஐந்து லட்சம் கூடுதலாகச் சொல்கிறார். இன்ஜின் போட்டோவைப் பார்த்த எங்கள் ஊர் மெக்கானிக், ‘கம்பெனி வண்டி மாதிரிதான் தெரியுது’ என்கிறார். யார் சொல்வதை நம்புவது? எப்படி உறுதி செய்துகொள்வது?

பதில்: வண்டியைப் போய்ப் பாருங்கள். அதற்கு முன் அட்வான்ஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

விற்பவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது ஓனர் என்கிறீர்கள். முதல் ஓனர் சொன்னதை நம்பி, அவரும் கூடுதல் பணம் கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். டியூன் செய்த வண்டிகளில் இது சகஜம். ஒவ்வொரு கைமாறும்போதும் கதை கொஞ்சம் வளரும், பில் கொஞ்சம் குறையும். அவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு வண்டியை விசாரியுங்கள்.

உங்கள் மெக்கானிக் சொன்னதும் தப்பில்லை, ஆனால் அது எதையும் நிரூபிக்கவில்லை. இந்த வண்டியில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 வகை 2 லிட்டர் இன்ஜின். அதன் டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம், இன்ஜினுக்குப் பின்னால், டேஷ்போர்டுப் பக்கச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும். பானட்டைத் திறந்து மேலிருந்து எடுத்த போட்டோவில் டர்போ மாறியிருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய ஏர் ஃபில்டர், சிவப்பு ஹோஸ், நாலு ஸ்டிக்கர் இவைதான் மேலே தெரியும். அவை மலிவான சாமான்கள்.

முதலில் ‘ஸ்டேஜ் 3’ என்ற சொல்லை ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பொதுவான வரையறை கிடையாது. பெரும்பாலும் சாஃப்ட்வேர் மட்டும் மாற்றினால் ஸ்டேஜ் 1, அதோடு டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்) சேர்ந்தால் ஸ்டேஜ் 2, டர்போவும் மாறினால் ஸ்டேஜ் 3 என்பார்கள். ஆனால் ஒரு டியூனருடைய 2 இன்னொருவருடைய 1 ஆக இருக்கும். ‘எந்தெந்தப் பாகம் மாறியிருக்கிறது, ஒவ்வொன்றும் எந்தக் கம்பெனி, எப்போது, எத்தனையாவது கிலோமீட்டரில்?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். பிறகு பேரம் பேசும்போது அந்தப் பட்டியல்தான் பேசும்.

பட்டியல் வந்ததும், அதில் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். நான் எந்த டியூன் வண்டியைப் பார்த்தாலும் இங்கிருந்துதான் தொடங்குவேன். இன்ஜினில் ஒரு பெரிய மாற்றம் தனியாக வராது, துணைக்கு நாலைந்தைக் கூட்டிக்கொண்டுதான் வரும். இந்த விஆர்எஸ் இந்தியாவுக்கு 2017இல் வந்தபோது 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க். அதிலிருக்கும் டர்போ ஐஎஸ்20. ஐஎஸ்38 என்பது கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3 போன்ற வண்டிகளில் வரும் பெரிய டர்போ. போல்ட் போட்டு மாட்டிவிடலாம் என்பதால் இந்த வண்டிக்காரர்களிடையே பிரபலமான மாற்றம்தான். ஆனால் அதை மாட்டி முழுப் பலனை எடுத்தவர் டவுன்பைப்பை மாற்றியிருப்பார், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாகப் போட்டிருப்பார், ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த ரகத்துக்கு மாற்றியிருப்பார், பெட்ரோல் பம்ப்பைப் பற்றி யோசித்திருப்பார். 6 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) பெட்டியான டிக்யூ250இன் சாஃப்ட்வேரையும் கட்டாயம் தொட்டிருப்பார். ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள்ளேயே டார்க்குக்கு ஒரு வரம்பு எழுதப்பட்டிருக்கிறது. ஐஎஸ்38 வண்டிகள் 480 நியூட்டன் மீட்டர் பக்கம் போகும். பெட்டி அதற்குத் தயாராக இல்லையென்றால் இன்ஜினின் கையைக் கட்டிவிடும், இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும்.

‘டர்போ மாற்றினேன், இன்டர்கூலர் ஸ்டாக்தான் (கம்பெனி போட்டதேதான்), பிளக் எப்போது மாற்றினது என்று தெரியாது’ என்று பதில் வந்தால், டர்போவையே சந்தேகப்படுங்கள். ‘எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் பெர்ஃபாமன்ஸ் பாகம் போட்டிருக்கு’ என்று யாராவது சொன்னால் இன்னும் சுலபம். இந்தத் தலைமுறை இஏ888இல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. கழற்றி மாற்றத் தனிப் பாகமாக அங்கே எதுவும் கிடையாது. இந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அடுத்தது ஃபோர்ஜ்டு, அதாவது அடித்து உருவாக்கிய வலுவான பிஸ்டன், ராடு. உங்கள் கடிதத்தில் எனக்கு நெருடியது இதுதான். 380 குதிரைத்திறன் அளவுக்கு ஐஎஸ்38 மாட்டுபவர்களில் பெரும்பாலோர் இன்ஜினைப் பிரிப்பதே இல்லை. கம்பெனி பிஸ்டனும் ராடும் அந்த அளவைத் தாங்கும் என்பதுதான் அவர்கள் கணக்கு. அப்படியிருக்க, சில லட்சம் செலவு செய்து, இன்ஜினை இறக்கி, ஃபோர்ஜ்டு பாகம் போட ஒருவருக்கு ஏன் தோன்றியது? இன்னும் பெரிய டர்போ போடும் திட்டம் இருந்திருக்கலாம். இல்லையென்றால் இன்ஜின் ஒருமுறை உடைந்து, எப்படியும் பிரித்தாகிவிட்டதே என்று நல்ல பாகமாகப் போட்டிருக்கலாம். இரண்டாவது காரணம்தான் அதிகம் பார்க்கக் கிடைக்கும். ஆகவே ‘ஃபோர்ஜ்டு’ என்று கேட்டதும் சந்தோஷப்படாமல், ‘இன்ஜினை ஏன் பிரித்தார்கள்?’ என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் வர எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள்.

பிஸ்டனும் ராடும் வெளியிலிருந்து தெரியாதவை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக போரோஸ்கோப் கேமராவை விட்டால் பிஸ்டன் தலை தெரியும். அதன் வடிவமும் வால்வுக்கான பள்ளங்களும் கம்பெனி பிஸ்டனிலிருந்து வேறுபட்டால் பிஸ்டன் மாறியிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். ராடை அப்படியும் பார்க்க முடியாது. அதற்கு ஆதாரம் இன்ஜின் கட்டியபோது எடுத்த போட்டோக்கள், அதுவும் பிளாக்கில் இருக்கும் இன்ஜின் நம்பரோடு சேர்ந்து. அப்புறம் லேத்தில் சிலிண்டர் போரிங், ஹோனிங் செய்த பில், பாகம் இறக்குமதியான பில். இவ்வளவு செலவு செய்து இன்ஜின் கட்டியவரிடம் ஒரு போட்டோகூட இல்லை என்பதை நான் நம்ப மாட்டேன். வண்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் கேஸ்கட் மாற்றினால்கூட போட்டோ எடுப்பவர்கள். பில் முதல் ஓனரிடம் இருக்கிறது என்றால் அவர் பெயர் ஆர்சி வரலாற்றில் இருக்குமே. ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். அவரிடம் இல்லாவிட்டாலும் வேலை செய்த ஒர்க்‌ஷாப்பின் கணக்கில் வண்டி நம்பரைச் சொன்னால் கிடைக்கும். மூன்று கதவையும் தட்டி ஒன்றுமே வரவில்லை என்றால், ஃபோர்ஜ்டு பாகத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய விலை பூஜ்யம். உள்ளே இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இனி நேரில் பார்க்கும் நாள். இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் புகை, டைமிங் செயின் பக்கச் சத்தம், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் கடகடப்பு எல்லாம் சூடான வண்டியில் ஒளிந்துகொள்ளும்.

வண்டியை லிஃப்டில் ஏற்றாமல் முடிவு செய்யாதீர்கள். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகள் மட்டும் பார்க்கும் தனியார் ஒர்க்‌ஷாப்புகள் பெங்களூரில் உண்டு. விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒருவரிடம் நீங்களே பணம் கட்டிப் பரிசோதனைக்கு விடுங்கள். அடியிலிருந்து பார்த்தால் டர்போவின் அலுமினிய உடல் தெரியும். அதில் ஐஹெச்ஐ என்ற கம்பெனிப் பெயரும், 06கே 145 என்று தொடங்கும் பாக எண்ணும் இருக்கும். கை போகாத இடம் என்றால் சின்னக் கண்ணாடியோ போன் கேமராவோ போதும். ஐஎஸ்20, ஐஎஸ்38 இரண்டுக்குமே தொடக்கம் ஒன்றுதான், வித்தியாசம் கடைசி எண்களிலும் எழுத்திலும். முழு எண்ணையும் குறித்து, ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக்கில் எந்த வண்டிக்கு உரியது என்று பார்க்கச் சொல்லுங்கள். எண் உரசி அழிக்கப்பட்டிருந்தால் அது பழையதைப் பிரித்துக் கட்டிய டர்போவாகவோ நகலாகவோ இருக்கலாம். நகல் ஐஎஸ்38 சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. இன்டேக் குழாயைக் கழற்ற அனுமதித்தால் கம்ப்ரசர் சக்கரத்தை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், முன்னும் பின்னும் ஆட்டம் இருக்கவே கூடாது.

டர்போவை ஒட்டியே கம்பெனியின் கேடலிடிக் கன்வர்ட்டர் குண்டாகத் தெரியும். அது இல்லாமல் வெறும் குழாய் இருந்தால் டவுன்பைப் மாறியிருக்கிறது, கன்வர்ட்டரும் போய்விட்டது. இன்டர்கூலரின் பக்கவாட்டுத் தொட்டிகள் பிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் ஸ்டாக், அலுமினிய வார்ப்பு என்றால் மாற்றியது. இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இருக்கும் பக்கம் டார்ச் அடியுங்கள். அந்த பிளாஸ்டிக் கூடு கசிவது இந்த இன்ஜினின் பிறவிக் கோளாறு. காய்ந்த கூலன்ட் தடம் இருந்தால் விலையில் கழித்துக்கொள்ளலாம், அதற்காக வண்டியை வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து ஸ்கேனர். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாதாரண ப்ளூடூத் ஓபிடி கருவியாலேயே ஒரு முக்கியமான விஷயம் தெரியும்: ஃபால்ட் கோடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது. 15, 20 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்காக யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள். கூடவே ‘ரெடினஸ் மானிட்டர்’ எனும் சுயசோதனைகள் பலவும் முடிவடையாமல் நிற்கும். ஏன் அழித்தீர்கள் என்று கேளுங்கள், பிறகு சில நாள் ஓட்டிவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஆனால் டியூன் இருக்கிறதா என்று ஸ்கேனரில் சாஃப்ட்வேர் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். டியூன் செய்பவர்கள் பெரும்பாலும் அந்த எண்ணைக் கம்பெனி எண்ணாகவே விட்டுவைப்பார்கள். பெயர்பெற்ற டியூனிங் கம்பெனியின் ஃபைல் என்று சொன்னால், ஏபிஆரோ யூனிட்ரானிக்கோ ரெவோவோ, அந்தக் கம்பெனியின் டீலரிடமே வண்டியைக் கொண்டுபோங்கள். தங்கள் ஃபைல்தானா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். பானட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் ஆன்லைனில் கிடைக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. சர்வீஸ் சென்டரில் அப்டேட் போடும்போது டியூன் அழிந்துபோயிருக்கும், ஓனருக்கே தெரிந்திருக்காது.

டியூனை உண்மையில் காட்டிக்கொடுப்பது ஓடும்போது எடுக்கும் டேட்டா லாக். விசிடிஎஸ் அல்லது ஓபிடிஇலெவன் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். மூன்றாம் கியரில் மேனுவலில் வைத்து, 2,000 ஆர்பிஎம்மிலிருந்து 6,500 வரை ஒரே மூச்சாக முழு ஆக்சிலரேட்டர். டைனோவில் செய்தால் நல்லது. சாலையில் இந்த வேகத்துக்கு இடம் கிடையாது. ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேட்கும் பூஸ்ட் (டர்போ கொடுக்கும் காற்றழுத்தம்), உண்மையில் கிடைக்கும் பூஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரிலும் இக்னிஷன் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது, பெட்ரோல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) அழுத்தம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், மிஸ்ஃபயர் கணக்கு, இவ்வளவும் பதிவாகட்டும். ஸ்டாக் விஆர்எஸ் வைத்திருக்கும் நண்பரிடம் இதே லாக்கை வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

ஈசியு கேட்கும் பூஸ்டே ஸ்டாக் அளவுதான் என்றால் அங்கே டியூன் இல்லை. கேட்பது ஸ்டாக்காக இருந்தும் வண்டி பறக்கிறது என்றால், சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் பிக்கிபேக் பாக்ஸ் ஒன்று உட்கார்ந்து பொய்க் கணக்குக் காட்டுகிறது. விற்ற மறுநாள் அதைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம், உங்களுக்குத் தெரியவே தெரியாது. லாக்கில் வரும் பூஸ்ட் கோட்டின் வடிவமும் பேசும். ஐஎஸ்20 சீக்கிரமே பூஸ்டைக் கொடுத்துவிட்டு மேலே போகப் போகத் தளரும். ஐஎஸ்38 தாமதமாக எழும், எழுந்த பிறகு கடைசிவரை விடாது. 5,500க்கு மேல் கோடு சரிகிறது என்றால், பாக எண் என்ன சொன்னாலும் நான் மறுபடி விசாரிப்பேன்.

ரெயில் அழுத்தம் இன்னொரு சாட்சி. இந்த இன்ஜினில் அது சுமார் 200 பார் வரை போகும். முழுச் சுமையில், கேட்கும் அழுத்தத்துக்கும் கிடைப்பதற்கும் இடைவெளி விழுந்தால் பம்ப் மூச்சு வாங்குகிறது. பெட்ரோலே போதவில்லை என்றால் 380 எங்கிருந்து வரும்? டைமிங்கில் அவ்வப்போது 2, 3 டிகிரி பின்வாங்குவது நம் வெயிலில் சகஜம். ஒரே சிலிண்டர் மட்டும் தொடர்ந்து மற்றவற்றைவிட அதிகம் பின்வாங்கினால் அந்த சிலிண்டரில் ஏதோ கோளாறு. அப்போது கம்ப்ரஷன் டெஸ்ட்டோடு நிற்காமல், சிலிண்டரில் காற்றடைத்துக் கசிவு பார்க்கும் லீக்-டவுன் டெஸ்ட்டும் செய்துவிடுங்கள். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம், மொத்த எண் அடுத்தபட்சம்.

லாக் எடுக்கும் முன் டேங்கில் என்ன பெட்ரோல் என்று கேட்க மறக்காதீர்கள். 380 காட்டிய மேப், அதாவது டியூன் ஃபைல், பெரும்பாலும் 99, 100 ஆக்டேனுக்கு எழுதியதாக இருக்கும். பெங்களூரில் எக்ஸ்பி100 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் போடும் பங்க்குகளைத் தேடிப் பிடிக்கலாம். திருப்பூரில் தினசரி எங்கே போடப்போகிறீர்கள்? சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் அதைவிடக் குறைவு. ஈசியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள டைமிங்கைக் குறைக்கும். நீங்கள் காசு கொடுத்த குதிரைகளில் ஒரு பங்கு லாயத்திலேயே படுத்துக்கொள்ளும். வண்டியில் 95க்கான இன்னொரு மேப் இருக்கிறதா, அதை மாற்றும் வழி உங்கள் கைக்கு வருமா என்று கேளுங்கள்.

இப்போது உங்களுக்கு வந்த டைனோ ஷீட். முதலில் அதில் வண்டி நம்பர், தேதி, எந்த கியர், எந்த எரிபொருள் என்று இருக்கிறதா? மாற்றத்துக்கு முன், பின் என்று இரண்டு கோடும் உண்டா? பூஸ்டும் ஏர்-ஃபியூவல் விகிதமும் கூடவே வரையப்பட்டிருக்கின்றனவா? இல்லையென்றால் அது எந்த வண்டியின் ஷீட்டாகவும் இருக்கலாம்.

எல்லாம் இருந்தாலும் பெங்களூர் ஷீட்டில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். காற்றழுத்தம் அங்கே சுமார் 910 மில்லிபார்தான். டைனோ எந்திரங்கள் இதை ஈடுகட்ட, எஸ்ஏஇ சூத்திரப்படி அளந்த எண்ணைத் திருத்திப் பெருக்கும். அந்தத் திருத்தம் பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம் வரை வரும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது நியாயம். டர்போ இன்ஜினோ மெல்லிய காற்றை டர்போவை வேகமாகச் சுற்றித் தானே சரிக்கட்டிக்கொள்கிறது. அதற்கும் முழுத் திருத்தத்தைப் போட்டால் இல்லாத சக்தி தாளில் மட்டும் பிறக்கும். அடுத்தது, சக்கரத்தில் அளந்ததை இன்ஜின் சக்தியாக மாற்றக் கூட்டும் சதவீதம். முன்சக்கர வண்டிக்கு 12, 15 என்று போடுவார்கள், தாராள மனசுக்காரர்கள் அதற்கு மேலும் போடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரத்தில் உண்மையில் அளந்தது 290 என்று வையுங்கள். 12 சதவீதத் திருத்தம் போட்டால் 325. அதன்மேல் கியர்பாக்ஸ் இழப்பு என்று 17 சதவீதம் சேர்த்தால் 380! யாரும் பொய் சொல்லவில்லை, ஷீட்டும் போலியில்லை, ஆனால் வண்டியின் உண்மையான சக்தி 330 பக்கம். பழைய ஐஎஸ்20 டர்போவை வைத்துக்கொண்டே நல்ல ஸ்டேஜ் 2 டியூனில் கிட்டத்தட்ட எட்டிவிடக்கூடிய எண் அது. ஆகவே திருத்தம் போடாத, சக்கரத்தில் அளந்த எண்ணைக் கேளுங்கள். முடிந்தால் உங்கள் முன்னிலையில், வேறொரு டைனோவில், அடுத்தடுத்து மூன்று ஓட்டம் ஓட்டச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் சக்தி நிறைய விழுந்தால் இன்டர்கூலர் பேருக்குத்தான் இருக்கிறது.

டைனோவை நம்பாதவர்களுக்கு ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்த விஆர்எஸ் சுமார் 1,600 கிலோ. அதை 80லிருந்து 120 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோகத் தேவையான ஆற்றல் 494 கிலோஜூல். இதை யாராலும் மாற்ற முடியாது, இயற்பியல். மூன்றாம் கியரில் 350 நியூட்டன் மீட்டர் ஸ்டாக் வண்டிக்கு 4 நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். 480 நியூட்டன் மீட்டர் உள்ள ஐஎஸ்38 வண்டி 3 நொடியைச் சுற்றி வர வேண்டும். 3.7, 3.8 என்று வந்தால் நல்ல ஸ்டேஜ் 1 வண்டி, அவ்வளவுதான். ஜிபிஎஸ் கருவியில்தான் அளக்க வேண்டும், ஸ்பீடோமீட்டர் கூட்டித்தான் காட்டும். பொதுச் சாலையில் இதை முயலாதீர்கள். இவ்வளவு செலவு செய்த வண்டியை டிராக்கில் ஓட்டியிருப்பார்கள், கோவை கரி ஸ்பீட்வேயோ இருங்காட்டுக்கோட்டையோ. ஜிபிஎஸ் பதிவு விற்பவரிடமோ முதல் ஓனரிடமோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

கியர்பாக்ஸுக்குத் தனியாக ஒரு சோதனை: நாலாம் கியரில், 2,000 ஆர்பிஎம்மில், முழு ஆக்சிலரேட்டர். ஆர்பிஎம் முள் வேகத்தை முந்திக்கொண்டு ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. டிக்யூ250க்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். இந்த வண்டி 64,000 ஓடியிருக்கிறது, கூடுதல் டார்க்கோடு. அந்த பில்லும் முதல் ஓனரிடமே தங்கிவிட்டதா என்று பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பிடிக்காவிட்டாலும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை ஓனர் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது, இரண்டும் சேர்ந்தும் வரலாம். நடைமுறையில் ஈசியுவுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லைதான். ஆனால் உங்களுடையது கர்நாடகப் பதிவு. என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, ஆர்டிஓவில் வண்டியைக் காட்டித்தான் தமிழ்நாட்டு நம்பர் வாங்க வேண்டும். இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்சியோடு பொருந்த வேண்டும். இன்ஜின் பிரிக்கப்பட்ட வண்டியில் பிளாக்கே மாறியிருக்கவும் கூடும், ஆகவே அந்த நம்பரை நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிடுங்கள். கன்வர்ட்டர் இல்லாத எக்ஸாஸ்ட் ஆர்டிஓ வாசலிலேயே சத்தத்தால் காட்டிக்கொடுக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றங்களைத் தெரிவிக்காமல் விட்டு, பெரிய விபத்தில் சர்வேயர் கண்டுபிடித்தால் க்ளெய்ம் நின்றுபோகும்.

இதனால்தான் கழற்றிய கம்பெனிப் பாகங்களைக் கேட்கச் சொல்கிறேன்: பழைய ஐஎஸ்20, கன்வர்ட்டரோடு கூடிய டவுன்பைப், ஏர்பாக்ஸ். வண்டியைத் திரும்ப ஸ்டாக்காக மாற்ற முடிந்தால் அதற்கு மதிப்பு உண்டு. உண்மையான ஐஎஸ்38 மாறியிருந்தால் பழைய டர்போ எங்கேயோ போயிருக்க வேண்டும், அல்லவா? ‘வித்துட்டேன்’ என்றால் யாருக்கு, எப்போது என்று சும்மா கேட்டு வையுங்கள்.

கடைசியாகப் பணம். டியூனுக்குச் செலவான காசு மறுவிற்பனையில் அப்படியே திரும்புவதில்லை. என் கையில் இருந்தால் இப்படிப் பேசுவேன்: அடிப்படை விலை, இதே கிலோமீட்டர் ஓடிய ஸ்டாக் விஆர்எஸ்ஸின் விலை. டர்போ பாக எண், லாக், டைனோ மூன்றும் ஒத்துப்போய், கம்பெனிப் பாகங்களும் கைக்கு வந்தால், மாற்றிய பாகங்களின் இன்றைய பழைய விலையில் பாதியைக் கூட்டலாம். அது ஐந்து லட்சத்தைத் தொடாது. பாகம் இருந்து பில் இல்லையென்றால் ஒன்றும் கூட்ட மாட்டேன். இன்ஜின் பிரிக்கப்பட்டது உறுதி, யார் பிரித்துக் கட்டினார்கள் என்று தெரியவில்லை என்றால், ஸ்டாக் விலையிலிருந்து இறங்கியே பேசுவேன், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுவேன். விற்பவர் எழுதிக்கொடுத்த பாகப் பட்டியலை விற்பனை ஒப்பந்தத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

டைனோவுக்கும் லிஃப்டுக்கும் ஆகும் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லியும் அவர் மறுத்தால், ‘நாளைக்கே இன்னொரு பார்ட்டி வருது’ என்று அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும். ஸ்டாக் விஆர்எஸ் ஒன்று எங்காவது வந்தால் அதை வாங்கி, உங்களுக்குத் தெரிந்த டியூனரிடம், உங்கள் பெயரில் பில் போட்டு ஸ்டேஜ் 1 செய்துகொள்ளுங்கள். போலோவிலிருந்து வருகிற உங்களுக்கு அதுவே முதல் ஒரு வருடத்துக்குத் தாராளமாகப் போதும்.